பிடி எந்தப் பக்கம்

அத்தியாயம் 11

"அதெல்லாம் சரி சார். கழுவுற கை எங்க?"

"அளவுதான் எழுதிக் கொடுத்திட்டேனே."

"அளவு கல்லுக்கு. ஓட்டைக்குக் கை வேணும்."

"பாருங்க, சிங்க்கோட பின் விளிம்புல இருந்து நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர். அங்க குழாய்க்கு நடு ஓட்டை. அங்கேருந்து வலது பக்கம் நூத்தி இருபது தள்ளி இன்னொண்ணு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"படிச்சேன் சார். அச்சடிச்ச மாதிரி எழுத்து. ஆனா இந்தக் காகிதமா பாத்திரம் கழுவப் போகுது?"

வீட்டுக்காரர் தான் எழுதியதை மறுபடி ஒரு முறை படித்தார். காகிதத்தை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார்.

கூடத்தின் நடுவே இரண்டு மரச் சட்டங்களின் மேல் சமையல் மேடைக்கான வெள்ளைக் கல் கிடந்தது. நேற்று மாலை ஆறு பேர் சேர்ந்து தூக்கி வந்து வைத்தது. சிங்க் உட்கார வேண்டிய சதுரத்தைப் பட்டறையிலேயே வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தச் சதுரத்தின் வழியே பார்த்தால் கீழே தரையும், தரையில் விழுந்திருந்த ஜன்னல் வெளிச்சமும் தெரிந்தன. கல்லில் மெல்லிய சாம்பல் கோடுகள் ஓடின, விமானத்திலிருந்து பார்க்கிற ஆறுகள் மாதிரி.

ஓடும் கோடுகள் வீட்டுக்காரருக்குப் பழக்கம். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வரைபடம் வரைகிறார். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது, எந்த மூலையில் திரும்புகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'வரைபடக்காரர்' என்றுதான் பெயர்.

ஓட்டை போட வந்திருந்த கல்லுக்காரர் தன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். டிரில். அதன் முனையில் மாட்டும் பல் வைத்த வட்ட பிட்டுகள் இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரு டப்பாவில் ஈரக் களிமண். ஓட்டை போடும் இடத்தைச் சுற்றி அந்த மண்ணால் சின்னதாக வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, தண்ணீருக்குள்ளேதான் பிட்டை இறக்குவார். இல்லாவிட்டால் கல் சூடேறி வெடிக்கும்.

"கோவிச்சுக்காதீங்க சார். ஒரு வீட்டுல ஐயா வந்து நின்னாரு. ஆறடி ஆளு. 'நான்தான் கழுவுவேன், போடு'ன்னாரு. நம்பிப் போட்டேன். இப்ப அந்த அம்மா ஸ்டூல் மேல ஏறித் தண்ணி பிடிக்குது. இன்னொரு வீட்டுல ஜன்னல் உள்பக்கமாத் திறக்கும்னு யாரும் சொல்லல. குழாயோ ஒட்டகக் கழுத்து. பதினோரு வருஷமா அவங்க அந்த ஜன்னலைத் திறக்கல."

"எங்க ஜன்னல் வெளிப்பக்கம்தான் திறக்கும்."

"பார்த்தேன். சந்தோஷம். கை எங்க?"

தேநீரோடு வந்த சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் குழாய் வரையிறவர், சொந்த வீட்டுக் குழாய்க்கு இப்படி முழிக்கிறாரே. இந்தாங்க மாமா, முதல்ல இதைக் குடிங்க."

சின்னவள் அவருடைய மனைவியின் தங்கை. நூலகத்தில் வேலை. 'அக்காவுக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு பெட்டியோடு வந்தவள், பதினோரு வாரமாக இங்கேதான் இருக்கிறாள். நூலகம் இனி ஒரு நாள்கூட விடுப்புத் தராது. நாளை மறுநாள் கிளம்ப வேண்டும்.

பதினோரு வாரத்துக்கு முன்னால், ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது எழுத்தில் அக்காவின் கை நின்றது. பக்கவாதம் என்றார்கள். பேச்சு முதல் வாரமே திரும்பியது. கால், கொஞ்சம் இழுத்தாலும், நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, யாருடையதோ போல இருந்தது. பதினைந்து வருடமாகத் தெருவில் எல்லோருக்கும் கேக்கம்மா அவள். அந்தக் கை எழுதாத பெயர் இந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

கல்லையும் குழாயையும் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தவள் அவள்தான், நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு. கேக் டப்பாவின் மூடியில் மேடையைக் கிறுக்கி, ஓட்டைகளுக்கு வட்டம் போட்டு, பிடி எந்தப் பக்கம் என்றும் எழுதி வைத்திருந்தாள். வரைபடக்காரர் அதைத்தான் அளவெடுத்துத் தாளில் ஏற்றியிருந்தார்.

அவள் வாங்கிய குழாய் கொஞ்சம் வேறு மாதிரி. தண்ணீர் கொட்டும் வாய் தனி, திறந்து மூடும் பிடி தனி. வாய்க்கு ஓர் ஓட்டை, பிடிக்கு ஓர் ஓட்டை. இரண்டும் பெரியவை. வடிகட்டிய தண்ணீருக்கு ஒரு சின்னக் குழாய், அதற்குச் சின்ன ஓட்டை. கடைசியாகச் சோப்பு பம்புக்கு ஒன்று.

"சோப்பு பம்பு வேண்டாம்" என்றார் கல்லுக்காரர். "சிங்க்குக்குப் பின்னாடி இருக்கிற பட்டை அஞ்சு விரல் அகலம்தான். ரெண்டு பெரிசு, ஒரு சிறுசு. அவ்வளவுதான் இந்தக் கல் தாங்கும். நாலாவது போட்டா தூக்கும்போதே முறிஞ்சிரும்."

"சோப்புக்கு ஒரு கிண்ணம் வச்சாப் போச்சு" என்றாள் சின்னவள்.

"அப்ப நடுவுல வாய். ஒரு பக்கம் பிடி, மறுபக்கம் குடிதண்ணி. பிடி எந்தப் பக்கம்?"

"வலது" என்றார் வரைபடக்காரர். சட்டென்று, யாரோ முந்திக்கொள்வார்களோ என்பது போல.

கல்லுக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தேநீர் டம்ளருக்குள் பார்த்தாள்.

"அதைத்தான் சார் கையைப் பார்த்துச் சொல்லணும்கிறேன். மூணு மணிக்கு ஆளுங்க வந்திருவாங்க. கல்லைத் தூக்கிச் சுவரோட சேர்த்து வச்சிட்டா அப்புறம் பின்னாடி டிரில் நுழையாது. இப்பவே மணி ரெண்டு."

"சரி, நான் நிக்கிறேன். வாங்க."

சமையலறையில் கதவு இல்லை. வேலைக்காகக் கழற்றிக் கூடத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கீழ் அலமாரிகள் மட்டும் வரிசையாக நின்றன, மேல்மூடி இல்லாமல். அவற்றின் மேல் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, மேடையின் முழு அளவில் வரைபடக்காரர் விரித்து வைத்திருந்தார். சிங்க் இருக்க வேண்டிய இடத்தில் சதுரத் துளை. கல்லுக்காரர் அதன் பின்னால் ஒரு பாட்டிலை நிறுத்தினார். அது வாய். வலப்பக்கம் அட்டையைக் குத்தி ஒரு கரண்டியைச் செருகினார். அது பிடி.

"கழுவுங்க."

வரைபடக்காரர் காற்றில் கழுவினார். வலது கையால் கரண்டியைத் தள்ளினார், இல்லாத பாத்திரத்தைத் தேய்த்தார், கரண்டியை இழுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைக்கிற மனிதரைப் போல இருந்தார்.

"பாத்திரத்தை எங்க வச்சீங்க?"

"எங்க வச்சேன்?"

"அதான் கேக்கறேன். நீங்க கழுவினதே இல்ல சார். தப்பில்ல. நீங்க நில்லுங்கம்மா."

சின்னவள் நின்றாள். அவள் கழுவியது உண்மையாக இருந்தது. பழக்கத்தில் முந்தானையைக்கூடச் செருகிக்கொண்டாள். கல்லுக்காரர் தலையாட்டினார்.

"இந்த வீட்டுல நீங்கதானா இனிமே?"

"நாளன்னிக்கு ஊருக்குப் போறேன்."

"அப்ப இதுவும் வேண்டாம்."

வரைபடக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு செய்யலாமா? ரெண்டு பக்கமும் பெரிசாவே போட்டுருவோம். இப்போதைக்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் பிடி. பின்னாடி..."

"பின்னாடின்னா?"

"கை சரியானதும் மாத்திக்கலாம். ஒண்ணுக்கு மூடி போட்டா ஆச்சு."

"மூணும் பெரிசு தாங்காதுன்னு இப்பத்தான சார் சொன்னேன்." கல்லுக்காரர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "போட்ட ஓட்டையை மூடலாம், அடைக்கலாம். இல்லைன்னு ஆக்க முடியாது. நான் வெளிய இருக்கேன். பேசி முடிங்க."

அவர் கூடத்துக்குப் போய், கல்லின் முனையை உள்ளங்கையால் தடவியபடி நின்றார்.

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, செவ்வாய்க்கிழமை, கைக்குப் பயிற்சி கொடுக்கிற அந்த பிசியோ அம்மா உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாங்களே. என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"அது வெளிய வந்து நீங்க அக்காகிட்ட சொன்னது. உள்ள அவங்க சொன்னது என்ன?"

அவர் அட்டையின் ஒரு மூலையைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"இனிமே இடது கையைப் பழக்குங்கன்னாங்க."

"அப்புறம்?"

"வலது கைக்காக இனி வர வேண்டாமாம். வந்தா என்னைக்காவது அதுவா வருமாம். அதுக்காகக் காத்துக்கிட்டு உட்காராதீங்கன்னு..." பாதியை மென்று விழுங்கினார். "அவங்களுக்கென்ன தெரியும்? சின்னப் பொண்ணு. நேத்து படிச்சிட்டு வந்தது."

"மாமா."

"நீயே சொல்லு. பிடி வலது பக்கம் இருந்தா கை அதைத் தேடும்ல? தேடத் தேடத்தானே வரும்? இடது பக்கம் போட்டுட்டா அந்தக் கைக்கு என்ன வேலை? 'போ, உன்னை நாங்க எதிர்பார்க்கல'ன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

சின்னவள் இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். நான்கு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதில்கள். அவர் முகத்தைப் பார்த்தாள். நனைந்த காகிதத்தைக் கையில் எடுத்தது போல இருந்தது. எங்கே பிடித்தாலும் கிழியும்.

"காலைல எட்டு மணிக்குப் போனா நீங்க ஆறு மணிக்கு வர்றீங்க" என்று மட்டும் சொன்னாள். "பத்து மணி நேரம். நானும் இருக்க மாட்டேன். அவ ஒருத்தியா நின்னு ஒரு டம்ளர் தண்ணி பிடிக்கணும்."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற?"

"அடுப்பு பக்கம் பேசினா ரூம்ல கேக்கும்டி. கதவைத்தான் கழட்டிட்டாங்களே."

இருவரும் திரும்பினார்கள். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நிலைச் சட்டத்தை இடது கையால் பிடித்திருந்தாள். தலை சீவாமல், வீட்டுச் செருப்பில் ஒன்று மட்டும் மாட்டியிருந்தது. பதினோரு வாரத்தில் சமையலறைக்குள் அவள் வைக்கிற முதல் அடி. எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவள்.

"எவ்வளவு நேரமா நிக்கிற?" என்றார் அவர்.

"அந்த பிசியோ பொண்ணு நேத்து படிச்சிட்டு வந்ததுன்னீங்களே, அங்கேருந்து."

கல்லுக்காரர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"என்னையா, என் கையையா?"

"கையைத்தான். நீங்களும் கூட வந்தது சந்தோஷம்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் நெடுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. வரைபடக்காரர் அந்தச் சிரிப்பை ஒரு நல்ல சகுனம் போலப் பிடித்துக்கொண்டார்.

"வா, வந்து நில்லு. மெதுவா. பாட்டில்தான் குழாய். அந்தக் கரண்டி பிடி. நீ சொன்ன மாதிரியே வலது பக்கம். உன் கையாலயே எழுதி வச்சிருந்தியே, டப்பா மூடியில, 'வலது'ன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"முயற்சி பண்ணிப் பாரேன். இப்ப இல்லாட்டாலும், சும்மா அப்படி வை."

அவள் அட்டைக்கு முன்னால் போய் நின்றாள். வயிறு அலமாரியின் விளிம்பைத் தொட்டதும் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, பதினைந்து வருடம் நின்ற சாய்வு. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு சட்டை காற்றில் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கினாள். தூங்குகிற குழந்தையை மாற்றிப் படுக்க வைப்பது போலக் கொண்டுபோய்க் கரண்டியின் மேல் வைத்தாள். இடது கையை எடுத்தாள்.

வலது கை ஒரு நொடி அங்கே இருந்தது. பிறகு கரண்டியோடு சரிந்து, அட்டையில் தட்டி, சதுரத் துளைக்குள் விழுந்து தொங்கியது. கரண்டி அலமாரிக்குள் எங்கோ போய் 'டங்' என்றது.

யாரும் அதை எடுக்கக் குனியவில்லை.

"இன்னொரு தடவை..." என்றார் வரைபடக்காரர்.

"எத்தனை தடவைங்க?"

"விரல்ல அசைவு இருக்கு. தெரியுதுல்ல உனக்கு? நான் தினமும் குறிச்சு வச்சிருக்கேன். முதல் வாரம் ரெண்டு மில்லிமீட்டர், இப்ப எட்டு. கோடு மேலதான் போகுது. சின்னவளே, அந்தத் தாளை எடுத்துட்டு வாயேன்."

கூடத்துக்கு இடம் மாறியிருந்த பிரிட்ஜின் கதவில் அந்த வரைதாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு காலையும் அலுவலகம் போவதற்கு முன் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு பஞ்சுப் பந்தை வைத்து, விரல்களைத் தன் கையால் மூடிப் பிடிப்பார். "அழுத்து" என்பார். அளவுகோலால் அளப்பார். போய்த் தாளில் ஒரு புள்ளி வைத்துக் கோட்டை நீட்டுவார். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார். சின்னவளும் அந்தக் கோட்டை நம்பித்தான் இரண்டு தடவை பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டாள்.

தாளை எடுக்க அவள் நகர்ந்தபோது அக்கா சொன்னாள்:

"எடுக்காதே. அது என் விரல் இல்ல."

"என்னக்கா?"

"மூணாவது வாரத்துக்கு அப்புறம் விரல் அசையவே இல்ல. கோடு மட்டும் மேல போச்சு. பந்தை அழுத்துறது என் கையா, அதைப் பிடிச்சிருக்கிற இவர் கையான்னு எனக்குத் தெரியாதா?"

சின்னவள் மாமாவைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு குழாயைக்கூட ஓர் அங்குலம் தள்ளி வரையாத மனிதர். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம்தான் தள்ளி வச்சேன்" என்றார். "ஒரு நாள் கோடு அப்படியே படுத்துக் கிடந்தது. பார்க்க முடியல. அரை மில்லிமீட்டர் ஏத்தினேன். மறுநாள் அதுக்குக் கீழ எப்படி வைக்கிறது?"

கல்லுக்காரர் தன் வேலை இல்லாத இடத்தில் நிற்கிறவர் போல உடம்பைச் சுருக்கிக்கொண்டார். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. கடைசியில் தன் தொழிலுக்கே திரும்பினார்.

"அம்மா, இருக்கிற கையால ஒரு தடவை கழுவிக் காட்டுறீங்களா?"

கரண்டியைத் தேடி எடுத்து மறுபடி வலப்பக்கமே குத்தினார். அவள் இடது கையை நீட்டினாள். கை பாட்டிலுக்கு முன்னால் குறுக்கே போக வேண்டியிருந்தது. முழங்கை பாட்டிலில் இடித்து, அது சாய்ந்தது.

"இது நிஜக் குழாயா இருந்தா உங்க ரவிக்கைக் கை முழுக்க நனைஞ்சிருக்கும். வெந்நீரா இருந்தா சுட்டிருக்கும்."

அவர் கரண்டியைப் பிடுங்கி இடப்பக்கம் குத்தினார். பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் கிண்ணத்தைச் சதுரத்தின் மூலையில் வைத்து, இடுப்பால் அலமாரியில் சாய்ந்துகொண்டு, கரண்டியைப் புறங்கையால் தள்ளினாள். விரல்களால் கிண்ணத்தைச் சுற்றித் துழாவினாள். திருப்பினாள். மறுபடி துழாவினாள். புறங்கையால் கரண்டியை மூடினாள். கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள்.

தண்ணீர் இல்லாத அந்த அறையில், ஒரு கிண்ணம் கழுவி முடிந்தது.

"எவ்வளவு நாளாப் பழகுற?" என்று கேட்டாள் சின்னவள்.

"நீ கடைக்குப் போற நேரத்துல. குளியலறையில. டம்ளர், சோப்பு டப்பா, எல்லாம் கழுவுவேன். ஒரு தடவை உன் மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழுவினேன்."

"அதான் அன்னைக்குக் கீறல் விழுந்திருந்ததா!"

"முட்டைகூட உடைக்க வருது. பத்துக்கு ஆறு. பேர்தான் எழுத வரல. வராட்டா போகுது. பேர் இல்லாத கேக்கைச் சாப்பிட மாட்டேன்னு யாராவது சொல்லப் போறாங்களா?"

வரைபடக்காரர் இதற்கும் ஏதாவது சொல்வார் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவர் அட்டையில் செருகியிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத் தெரியாமல் தன் வீட்டுக்கு அடியில் யாரோ ஒரு குழாய் போட்டுவிட்டதைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

"மணி ரெண்டே முக்கால்" என்றார் கல்லுக்காரர் மெதுவாக.

நால்வரும் கூடத்துக்கு வந்தார்கள். அவள் கடைசியாக, காலை இழுத்து இழுத்து வந்தாள். கல்லுக்காரர் அட்டையிலிருந்து அளவைக் கல்லுக்கு மாற்றினார். பின்பட்டையில் ஒரு கோடு இழுத்தார். நடு ஓட்டைக்கு ஒரு புள்ளி வைத்தார். அது எப்படியும் நடுவில்தான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. பிறகு நிமிர்ந்து மெழுகு பென்சிலை நீட்டினார்.

"பிடிக்கான குறி மட்டும் வீட்டுக்காரங்க வைக்கணும். அது என் வழக்கம். நான் குறி வச்சா, நாளைக்கு எது நடந்தாலும் கல்லுக்காரன் வச்ச குறின்னு ஆயிரும். நீங்க வச்சா நான் அதுல கண்ணை மூடிட்டு டிரில்லை இறக்குவேன்."

பென்சில் நீட்டியபடியே இருந்தது. வரைபடக்காரர் கையை நீட்டவில்லை.

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க, நான் வைக்கிறேன்."

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. "நீ நாளன்னிக்கு ரயில் ஏறிடுவ."

"அப்ப நீயே வைக்கா. ஒரு புள்ளிதானே?"

அவள் கல்லுக்காரரிடமிருந்து பென்சிலை வாங்கினாள். இடது கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். கல்லின் சாம்பல் கோடு ஒன்று அவள் நின்ற இடத்துக்கு நேராக வந்து, வெட்டிய சதுரத்தின் விளிம்பில் நின்றுபோயிருந்தது.

"வைக்கத் தெரியும். புள்ளி வைக்க எந்தக் கையா இருந்தா என்ன?"

பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்த்திருந்த கதவோடு கதவாக நின்றிருந்தார்.

"ஏங்க. நான் வச்சா, நாளைக்குக் காலையிலயும் நீங்க அந்தப் பந்தை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உட்காருவீங்க. அழுத்து அழுத்துன்னு சொல்வீங்க. நானும் அழுத்துற மாதிரி முகத்தை வச்சுக்குவேன். உங்களுக்காக. எனக்கு அலுத்துப் போச்சுங்க."

"நான் உனக்காகத்தான்..."

"தெரியும். யாரு இல்லைன்னா?"

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கல்லைத் தூக்க வந்தவர்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் எதற்கோ உரக்கச் சிரித்தார். கல்லுக்காரர் கைகாட்டி அவர்களை வெளியிலேயே நிறுத்தினார். களிமண் டப்பாவைத் திறந்து, விரலால் அமுக்கிப் பார்த்து, மறுபடி மூடினார்.

அவள் பென்சிலைக் கல்லின் மேல் வைத்து, இடது கையால் அவர் பக்கம் உருட்டிவிட்டாள். அது வெள்ளைக் கல்லில் உருண்டு அவர் பக்கத்து விளிம்பில் வந்து நின்றது. வரைபடக்காரர் கிட்டே வந்து அதை எடுத்தார். எடுத்தது கைப்பழக்கம்தான். மூன்று விரல்களுக்கு நடுவே அது தானாகவே போய் உட்கார்ந்தது. இருபத்தாறு வருடம் கோடு போட்ட கை அது.

அவள் தன் சுட்டுவிரலை, இடது கைச் சுட்டுவிரலை, நடுப்புள்ளிக்கு இடப்புறம் அரைச் சாண் தள்ளி, பிடி வர வேண்டிய இடத்தில் சரியாக ஊன்றினாள். அவர் குறிப்பதற்கு வசதியாக விரலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"இங்கதாங்க. ஒரே ஒரு புள்ளி. நீங்க வைங்க."